கனவிலும் சர்க்கரை ஏறும்

எடுத்துக்குங்கம்மா. ஜாங்கிரிதான். மயக்க மருந்தெல்லாம் கலக்கல, கடையில கட்டின நூலையே இப்பத்தான் உங்க கண்ணு முன்னாடி அவுத்தேன். பஸ்ஸுல பக்கத்து சீட்டுக்காரங்க தின்னக் குடுத்தா வாங்கக் கூடாதுன்னு வருஷா வருஷம் எங்க ஹாஸ்டல் பொண்ணுங்களுக்குச் சொல்றவளே நான்தான். இருந்தாலும் எடுத்துக்குங்க. இருங்க, இருங்க, வாயில போட்டுடாதீங்க. சுகர் இல்லையே உங்களுக்கு? அப்பா அம்மாவுக்கு? அப்பாவுக்கு இருக்கா? அப்ப ஒண்ணோட நிறுத்திக்கணும் நியாயமா. சரி, சின்ன வயசுதானே, இன்னைக்கு ஒரு நாளைக்கு ரெண்டா எடுத்துக்குங்க.

நான் குளித்தலையில இறங்கணும். எங்க ஓரகத்தி வீடு அங்கேதான். இன்னைக்கு அமாவாசை, செத்துப்போன எங்க மாமியாருக்குப் படையல். இந்த ஜாங்கிரி அதுக்கு வாங்கினதுதான். ஏன் மெல்லுறதை நிறுத்திட்டீங்க? படைக்கிறதுக்கு முன்னாடி கை வெச்சா எச்சிலாயிடும்னு எனக்கும் தெரியும்மா. தெரிஞ்சுதான் குடுக்கிறேன். நீங்க சாப்பிடுங்க, நான் சொல்றேன்.

என்னைப் பத்தி மொதல்ல சொல்லிடுறேன், அப்பத்தான் நான் பொய் சொல்ற ஆள் இல்லைன்னு உங்களுக்குப் புரியும். உறையூர்ல ஒரு லேடீஸ் ஹாஸ்டல்ல வார்டன். பேரு கோகிலவாணி. பொண்ணுங்க எனக்கு வேற பேரு வெச்சிருக்குதுங்க. அது எனக்குத் தெரியும்ங்கிறது அதுங்களுக்குத் தெரியாது. கேட்டைச் சாத்த வேண்டிய நேரத்துக்குச் சாத்திடுவேன். லேட்டா வந்து ஒருத்தி அழுதான்னு வெச்சுக்குங்க, அழுது முடிக்கிற வரைக்கும் பொறுமையா நின்னு கேட்பேன். கேட்டு முடிச்சுட்டு, அப்பாவுக்கு போன் போடுன்னு சொல்வேன். கண்டிப்புங்கிறதும் ஒரு பாசம்தான். யாரும் ஒத்துக்க மாட்டாங்க.

எங்க அத்தையும் ஒத்துக்கல. அத்தைன்னா மாமியாரைச் சொல்றேன். மொதல்ல அவங்க குளித்தலையில பெரியவர் வீட்டுலதான் இருந்தாங்க. பெரியவர் என் வீட்டுக்காரரோட அண்ணன். அவர் சம்சாரம் தமயந்தி அக்கா. அக்கா கைக்கு அளவுன்னு ஒண்ணு கிடையாது. யார் எது கேட்டாலும் குடுத்துடும். சுகர் இருக்கிற அத்தை இன்னொரு காபி கேட்டாலும் குடுக்கும், அதுல இன்னொரு ஸ்பூன் சீனி கேட்டாலும் போடும். "வயசான காலத்துல ஆசைப்படுறாங்க, பாவம்" அப்படின்னு சொல்லும். அந்தப் பாவம் ஒரு நாள் கால் விரல்ல புண்ணா வந்து நின்னுச்சு. புண்ணு ஆறவே இல்ல. டாக்டர் பார்த்துட்டு, முழங்காலுக்குக் கீழ எடுத்துடணும்னுட்டாரு.

அக்கா அழுதுச்சு. பெரியவர் அழுதாரு. என் வீட்டுக்காரர் திருச்சியில இருந்துக்கிட்டே போன்ல அழுதாரு. நான் அழல. வாடகைக்குக் கார் பிடிச்சுப் போயி அத்தையை எங்க வீட்டுக்கே கூட்டிட்டு வந்துட்டேன்.

காலை எடுக்கல. கேட்டுக்குங்க, காலை எடுக்கல. தினம் நான் குனிஞ்சு உக்காந்து புண்ணைக் கழுவி, மருந்து வெச்சு, கட்டு மாத்தினேன். வேற டாக்டர், வேற மாத்திரை. சோறு அளந்துதான். இனிப்பு கிடையாது. உப்பு பாதி. ஊறுகாய் ஜாடி பரண் மேல. கருவாடு தெருவுல வந்தாலே ஜன்னலைச் சாத்திடுவேன். புண்ணு ஆறிப் போச்சு. அந்தப் பழைய டாக்டர்கிட்டயே கூட்டிட்டுப் போயி நடக்க வெச்சுக் காட்டினேன். எப்படிம்மான்னு கேட்டாரு. "ஹாஸ்டல் ரூல்ஸ் சார்"னு சொன்னேன்.

நன்றி இருந்துச்சான்னு கேளுங்க. எங்க அத்தை எனக்கு வெச்ச பேரு போலீசு. வர்றவங்க போறவங்ககிட்ட எல்லாம், "எங்க போலீசு ட்யூட்டிக்குப் போயிருக்கு, ஒரு துண்டு வெல்லம் இருந்தா குடு"ன்னு கேட்பாங்க. விபூதி டப்பாவுல சீனியைக் கொட்டி வெச்சுக்கிட்டு, சாமி கும்பிடுற சாக்குல நாக்குல தொட்டு வெச்சுக்குவாங்க. அவ்வளவு பக்தி எங்கேருந்து வந்துச்சுன்னு பார்த்தேன். ஒரு நாள் நானும் பூசிக்கிட்டேன், நெத்தி பிசுபிசுன்னு ஒட்டுது. ஜாங்கிரின்னா உயிர். யாரையாவது விட்டு வாங்கிட்டு வரச் சொல்லித் தலகாணி உறைக்குள்ள வெச்சுப்பாங்க. எறும்பு காட்டிக் குடுத்துடும். எறும்புதான் எனக்கு ஏட்டு. கையை விட்டு எடுத்துடுவேன். "ஒண்ணே ஒண்ணுடி"ம்பாங்க. "அடுத்த வாரம் டெஸ்ட் பார்த்துட்டுத் தர்றேன்"னு சொல்வேன். "உன் அடுத்த வாரம் எந்த வாரத்துலடி வருது?"ன்னு கேட்பாங்க. இது வாரா வாரம் நடக்கும். ஒரு தடவை நான் உறைக்குள்ள கையை விடுறேன், வெறும் காகிதம். எறும்பு வரட்டும்னு அந்தக் காகிதத்துல சீனித் தண்ணியைத் தடவி வெச்சிருக்காங்க. நான் முழிக்கிறதைப் பார்த்துட்டு வாயைப் பொத்திக்கிட்டு அப்படிச் சிரிக்கிறாங்க. எனக்கு வந்த கோவத்துக்கு... அன்னைக்கு நானும் சிரிச்சுட்டேன், அது வேற விஷயம்.

மாசி மாசம் தூக்கத்துலயே போயிட்டாங்க. ரெண்டு காலோட போனாங்க. ரெண்டு காலோட அனுப்பி வெச்சேன் நான்.

இன்னொண்ணு எடுத்துக்குங்க. எடுங்க.

அதுக்கு அப்புறம்தான் ஆரம்பிச்சுச்சு. காரியம் முடிஞ்சு ஒரு மாசம்கூட ஆகல, தமயந்தி அக்கா போன் பண்ணுது. அத்தை கனவுல வந்தாங்களாம். விறுவிறுன்னு நடந்து வந்து வாசல்ல நின்னு, "தமயந்தி, கருவாட்டுக் குழம்பு வெச்சியா?"ன்னு கேட்டாங்களாம். உங்க வீட்டுலயும் இந்த வழக்கம் உண்டுதானே? செத்தவங்க கனவுல வந்து ஒண்ணைக் கேட்டா, அந்த ஆசை தீராமப் போயிருக்காங்கன்னு அர்த்தம். அதைச் செஞ்சு படைச்சுடணும். படைச்சுட்டா அடங்கிடுவாங்க, மறுபடி அதைக் கேட்டு வர மாட்டாங்க. அமாவாசையில கருவாடு படைக்க முடியாதுன்னு ஒரு ஞாயித்துக்கிழமையாப் பார்த்து படைச்சாங்க. எல்லாச் சனமும் வந்திருந்துச்சு. "விறுவிறுன்னு நடந்து வந்தாங்களா? மகராசி!"ன்னு அத்தனை பேருக்கும் சந்தோஷம். அந்தக் கால் யாரு குடுத்த கால்னு ஒருத்தர் கேட்கணுமே! கேட்கல. பெரியவரோட சம்பந்தியம்மா மட்டும் மோவாயில கையை வெச்சுக்கிட்டு, "கடைசி காலத்துல நாக்கு செத்துப் போயி இருந்திருக்காங்க, பாவம்"னாங்க. என்னைப் பார்த்துச் சொல்லல. கருவாட்டைப் பார்த்துச் சொன்னாங்க. எனக்குப் புரியாதா?

அடுத்து பலாப்பழம். அதையும் கேட்டாங்களாம், படைச்சாங்க. என் வீட்டுக்காரர் ரெண்டு தடவையும் மூக்குப் பிடிக்கத் தின்னுட்டு, "அம்மாவுக்கு ரொம்பப் பிடிக்கும்"னு கண்ணைத் துடைச்சுக்கிட்டாரு. துடைச்ச கையில பலாப்பிசின். அக்கா ஒவ்வொரு தடவையும் எனக்குன்னு தனியா ஒரு தூக்குல போட்டுக் குடுத்து அனுப்பும். குத்திக் காட்டுறதுக்கும் ஒரு அளவு வேண்டாமா?

நான் பொறுத்துக்கிட்டேன். ஆனா ஒண்ணுதான் எனக்குத் தாங்கல. கட்டு மாத்தினது நான். பக்கத்துலயே படுத்துக் கிடந்தது நான். செத்தப்புறம் போறது மட்டும் அங்கேயா? எரிச்சது திருச்சியிலதானே. அங்கேருந்து குளித்தலைக்குப் போகணும்னா உறையூர் பக்கமாத்தான் வந்தாகணும். போற வழியில ஒரு எட்டு, ஒரே ஒரு எட்டு, எங்க வீட்டுக்கு வந்துட்டுப் போகக் கூடாதா?

எனக்கு வேண்டியது பெரிசா ஒண்ணும் இல்ல. என் கனவுல வரணும். "கோகிலா என்னைப் பட்டினி போடல, நல்லாத்தான் பார்த்துக்கிட்டா"ன்னு ஒரு வார்த்தை சொல்லணும். அதை நான் போயி அந்தச் சம்பந்தியம்மா முன்னாடி சொல்லணும். வந்தாங்கன்னு சும்மாவாச்சும் சொல்லிட்டா என்னன்னு கேட்காதீங்க. எத்தனை பொண்ணுங்க சொன்ன பொய்யைக் கண்டுபிடிச்ச வாயி இது, இதுல பொய் வராது. சிக்கல் என்னன்னா எனக்குக் கனவே வராது. படுத்தா கட்டை. எழுந்தா வார்டன். நடுவுல ஒண்ணும் கிடையாது.

இப்பத்தான் சம்யுக்தா வர்றா. அவ எங்க ஹாஸ்டல் பொண்ணு. காலேஜ் போகாம மத்தியானம் ரூம்ல போர்த்திக்கிட்டுத் தூங்குறா. போர்வையைப் பிடிச்சு இழுத்தேன். "நான் தூங்கல மேடம், பயிற்சி பண்றேன்"னா. என்ன பயிற்சி? கனவுக்குள்ள முழிச்சிருக்கிற பயிற்சியாம். கனவு வர்றப்பவே இது கனவுன்னு நமக்குத் தெரிஞ்சுடணுமாம். தெரிஞ்சுட்டா அப்புறம் நாம வெச்சதுதான் சட்டமாம். பறக்கலாம், கடலுக்கு அடியில நடக்கலாம், யாரை வேணும்னாலும் வரவழைக்கலாம்னா. யாரை வேணும்னாலுமான்னு கேட்டேன். யாரை வேணும்னாலும் மேடம்னா. அவ போனைப் பிடுங்கிட்டேன். அதுலதான் அந்த வீடியோ எல்லாம் இருந்துச்சு.

போனைத் திருப்பிக் குடுத்தேனாவா? செமஸ்டர் முடியட்டும். ஆனா சந்தேகம்னா அவளைத்தான் கூப்பிட்டுக் கேட்டுக்குவேன். பாடம் வேற, தண்டனை வேற.

அந்த வீடியோவுல ஒரு தம்பி தாடி வெச்சுக்கிட்டு, குழந்தையைத் தூங்க வைக்கிற குரல்ல பேசுறான். நாள் பூரா அப்பப்ப, இது கனவா நிஜமான்னு நம்மளை நாமே சோதிச்சுக்கிட்டே இருக்கணுமாம். அந்தப் பழக்கம் கனவுலயும் வந்துடுமாம். விரலை எண்ணிப் பார்க்கணும், கனவுல விரல் கூடக் குறைய இருக்கும். மூக்கைப் பொத்திக்கிட்டு மூச்சு விடணும், கனவுல மூச்சு வரும். லைட் சுவிட்சைப் போட்டுப் பார்க்கணும், கனவுல லைட் எரியாது. இந்தக் கடைசிச் சோதனையை அந்தத் தம்பி எந்த ஊர்ல உக்காந்து சொல்றான்னு தெரியல. எங்க ஹாஸ்டல் சுவிட்ச் பாதி நிஜத்துலயே எரியாது. கரண்ட் போன நாளெல்லாம் நான் கனவுலயே இருந்தேன். கனவை எழுதி வேற வைக்கணுமாம், ரிஜிஸ்டர் எழுதி ஓஞ்ச கையின்னு அதை மட்டும் விட்டுட்டேன்.

மெஸ்ஸுல சாம்பார் ஊத்துறப்ப விரலை எண்ணினேன். அட்டெண்டன்ஸ் எடுக்கிறப்ப மூக்கைப் பொத்தினேன். பொண்ணுங்க கூடிக் கூடிப் பேச ஆரம்பிச்சுதுங்க. சமையல்கார மல்லிகா மட்டும் நேரா வந்து, "சாம்பார் ஊசிப் போச்சுன்னா வாயால சொல்லுங்கம்மா, மூக்கைப் பிடிச்சுக் காட்டாதீங்க"ன்னு சண்டைக்கு வந்துட்டா.

படுக்கிறப்ப, "இது கனவுன்னு எனக்குத் தெரியும், இது கனவுன்னு எனக்குத் தெரியும்"னு சொல்லிக்கிட்டே தூங்கணும். என் வீட்டுக்காரர் எழுந்து உக்காந்துட்டாரு. "எதை? நம்ம கல்யாணத்தையா?"ன்னு கேட்டாரு. ஒரு விடியக்காலை கண்ணு முழிச்சுக்கிச்சு, கை கால் அசையல, நெஞ்சு மேல யாரோ உக்காந்த மாதிரி. அமுக்குவான் பிடிச்சுடுச்சுன்னு கட்டிலுக்கு அடியில விளக்குமாத்தை வெச்சுட்டாரு. சம்யுக்தாகிட்ட சொன்னா, "சூப்பர் மேடம், கிட்ட வந்துட்டீங்க"ங்கிறா. விளக்குமாத்தை நான் எடுத்து வெளியில போட்டுட்டேன். அத்தை அதைப் பார்த்துட்டுத் திரும்பிப் போயிட்டாங்கன்னா?

ஆனா கனவு வர ஆரம்பிச்சுது. அதைச் சொல்லணும். கனவு வந்துச்சு, புத்திதான் வரல. ஒரு கனவுல நான் ஹால்ல நின்னு எல்லாப் பொண்ணுங்களுக்கும் பாடம் எடுக்கிறேன். கனவா இல்லையான்னு எப்படிக் கண்டுபிடிக்கிறதுன்னு. கையைத் தூக்கிக் காட்டி விரலை எண்ணுறேன். ஏழு இருக்கு. "பார்த்துக்குங்க, சரியா ஏழு. அப்ப இது நிஜம்"னு சொல்லிட்டு, ரிஜிஸ்டர்ல கையெழுத்தும் போட்டுட்டு வந்துட்டேன். எழுந்து எனக்கு நானே தலையில அடிச்சுக்கிட்டேன்.

ஒரு நிமிஷம். ஒண்ணு, ரெண்டு, மூணு, நாலு, அஞ்சு. சரி, பஸ் நிஜம்தான். மன்னிச்சுக்குங்க, பழக்கம் விட மாட்டேங்குது.

அப்புறம் ஒரு நாள் பிடிபட்டுடுச்சு. மொட்டை மாடியில துணி காயுது, ஒரு பாவாடைக்கு மூணு நாடா தொங்குது. விரலை எண்ணினேன், தப்பு. ஐயோ, இது கனவுன்னு தெரிஞ்சுடுச்சு! அவ்வளவுதான், எனக்கு வந்த சந்தோஷத்துல முழிச்சுக்கிட்டேன். வாயி வரைக்கும் வந்தது வயித்துக்கு வரல. "சந்தோஷப்படக் கூடாது மேடம், முழிப்பு வந்துடும். ரெண்டு உள்ளங்கையையும் தேய்ச்சுக்கிட்டே நில்லுங்க, கனவு நிக்கும்"னா சம்யுக்தா. சந்தோஷப்படாம இருக்கிறது எனக்குப் புதுசா என்ன?

அந்தச் சமயத்துலதான் அக்கா மறுபடி போன். அத்தை வந்தாங்களாம். ஜாங்கிரி கேட்டாங்களாம். அதுவும் திருச்சி ஜாங்கிரி, குளித்தலையில போடுறது வேண்டாம்னாங்களாம். "இந்த அமாவாசைக்கு நீயே உன் கையால வாங்கிட்டு வந்துடு கோகிலா. அவங்க மனசு குளிர்ந்துடும். உனக்கும் நல்லாருக்கும்"னுச்சு. எனக்கு என்ன நல்லாருக்கும்? நான் பிடுங்கின ஜாங்கிரியை நானே சுமந்துட்டுப் போயி, எல்லாச் சனத்துக்கும் முன்னாடி இலையில வைக்கணும். சம்பந்தியம்மா மோவாயில கையை வெச்சுக்கிட்டு நிப்பாங்க. சரிக்கான்னு சொல்லி வெச்சுட்டேன். வெச்சுட்டு, அமாவாசைக்குள்ள அத்தையைப் பிடிச்சே தீரணும்னு முடிவு பண்ணினேன்.

போன ஞாயித்துக்கிழமை. மத்தியானம் சாப்பிட்டுட்டு, மின்விசிறிக்கு அடியில பாயைப் போட்டுப் படுத்தேன். அதையே சொல்லிக்கிட்டு. எப்ப தூங்கினேன்னு தெரியல. பார்த்தா ஹாஸ்டல் மெஸ்ஸுல நிக்கிறேன். பொண்ணுங்க தட்டை வெச்சுக்கிட்டு வரிசையில நிக்குதுங்க. வரிசையில நடுவுல, ஊதாக் கரை போட்ட புடவையில, எங்க அத்தை. தட்டு நிறைய ஜாங்கிரி.

விரலை எண்ணினேன். எண்ண எண்ண வந்துக்கிட்டே இருக்கு. கனவு! பதறல, சந்தோஷப்படல. ரெண்டு கையையும் தேய்ச்சேன். சுவர், டேபிள், பொண்ணுங்க எல்லாம் கெட்டியா நிக்குது. அந்தத் தம்பி சொன்னானே, நாம வெச்சதுதான் சட்டம்னு. என்ன வேணும்னாலும் பண்ணலாம், யாரும் தடுக்க முடியாதுன்னு. எல்லாம் எனக்குத் தெளிவா ஞாபகம் இருக்கு. இவங்க செத்துட்டாங்க, இந்த உடம்புக்குச் சர்க்கரை வியாதி கிடையாது, புண்ணு கிடையாது, இது ஜாங்கிரியே கிடையாது. எல்லாம் எனக்குத் தெரியும். கேட்க வேண்டியதை மனப்பாடமா வெச்சிருந்தேன். "அத்தை, நான் உங்களைப் பட்டினி போட்டேனா? எல்லாருக்கும் கேட்கிற மாதிரி சொல்லுங்க"ன்னு கேட்கணும்.

கிட்டப் போனேன். அத்தை ஒரு ஜாங்கிரியை எடுத்து வாய்க்குக் கிட்டக் கொண்டு போனாங்க. என் கை போயிடுச்சும்மா. பிடுங்கிட்டேன்.

பிடுங்கிட்டு, "மாத்திரை போட்டீங்களா?"ன்னு கேட்கிறேன்.

சிரிக்காதீங்க. கனவுன்னா மட்டும் சர்க்கரை ஏறாதா? யாரு கண்டா? மெஸ்ஸுல இருந்த பொண்ணுங்க எல்லாம் உங்களை மாதிரித்தான் சிரிச்சுதுங்க. அத்தை சிரிக்கல. வெறுங்கையைப் பார்த்தாங்க, என்னைப் பார்த்தாங்க. அப்படியே முகம் மலர்ந்து போச்சு. நான் ஏதோ அள்ளிக் குடுத்துட்ட மாதிரி. "போலீசு! நீதானா!"ன்னாங்க. "பெரியவ வீட்டுக்கும் போயிட்டுத்தான் வர்றேன்டி. கேட்கிறதெல்லாம் வருது. கேட்கிறதெல்லாம் வந்தா அது கனவுன்னு எனக்குத் தெரியாதா? வாயில வெச்சா ருசியே இல்ல. இப்ப நீ பிடுங்கினே பாரு, அப்பத்தான் நான் வீட்டுல இருக்கிற மாதிரி இருக்கு"ன்னாங்க.

நான் கேட்க வேண்டியதைக் கேட்கல. கையைத் தேய்க்கவும் மறந்துட்டேன். சுத்திவர எல்லாம் மங்குது. "ஒண்ணே ஒண்ணு குடுடி"ன்னாங்க. என் கையில இருக்கு. குடுத்திருக்கலாம். அவசர அவசரமா நான் என்ன சொல்றேன், "அடுத்த வாரம் டெஸ்ட் பார்த்துட்டுத் தர்றேன்"ங்கிறேன். "உன் அடுத்த வாரம்..."னு ஆரம்பிச்சாங்க. அதுக்குள்ள முழிப்பு வந்துடுச்சு.

பாயில உக்காந்து அழுதேன். மாசியில அழாத அழுகை எல்லாம் அன்னைக்கு அழுதேன். என் வீட்டுக்காரர் பயந்து போயி என்னன்னாரு. கண்ணுல தூசின்னேன். கண்ணை மூடிப் படுத்த பொம்பளைக்கு எங்கேருந்து தூசி வரும்னு அவர் கேட்கல. அவர் என்னைக்குமே கேட்க மாட்டாரு.

யாருகிட்ட இதைப் போயிச் சொல்றது, சொல்லுங்க. விடியக்காலைக் கனவு பலிக்கும்பாங்க, பகல் கனவை யாரு மதிக்கிறா? அதுவும் என்னன்னு சொல்றது? அத்தை வந்தாங்க, ஜாங்கிரியைப் பிடுங்கினேன், ரொம்ப சந்தோஷப்பட்டாங்கன்னா? செத்தப்புறமும் விடல பாரு இவன்னு ஊரே சிரிக்கும். நான் கேட்ட சர்டிபிகேட் கைக்கு வந்துடுச்சு. ஆனா அதை நான் ஒருத்தர்கிட்டயும் காட்ட முடியாது. அதான் உங்ககிட்ட சொல்றேன். நீங்க கரூர்ல இறங்கி உங்க வேலையைப் பார்த்துக்கிட்டுப் போயிடுவீங்க.

பெட்டவாய்த்தலை தாண்டிடுச்சா? அடடா. எடுங்கம்மா, இன்னும் இருக்கு. ஏங்க முன் சீட்டு, பிள்ளைக்கு ஒண்ணு குடுங்க. தம்பி, கண்டக்டர் தம்பி, இந்தாங்க, பிடிங்க. சுகர் இருக்கா? கொஞ்சமா இருக்கா? கொஞ்சம்னு ஒண்ணு கிடையாது தம்பி, அப்ப பாதிதான் உங்களுக்கு. மீதியை டிரைவருக்குக் குடுங்க. அவருக்கும் இருக்கான்னு கேட்டுட்டுக் குடுங்க.

இன்னுமா உங்களுக்குப் புரியல? இன்னைக்குக் காலையில கடையில நின்னு இதை வாங்கினப்பத்தான் எனக்கே உறைச்சுது. கருவாடு படைச்சாங்க, அதுக்கு அப்புறம் கருவாடு கேட்டு அத்தை வரல. பலாப்பழம் படைச்சாங்க, அதோட அதுவும் முடிஞ்சுது. மிச்சம் இருக்கிற ஆசை இது ஒண்ணுதான். இதையும் இலையில வெச்சு, தண்ணி தெளிச்சு, காக்காய்க்குக் கூப்பிட்டுட்டா ஆச்சு. மனசு குளிர்ந்து போயிடுவாங்க. போயேவிடுவாங்க. அப்புறம் எதைக் கேட்டும்மா எங்க வீட்டுக்கு வருவாங்க?

பாசம் கீசம்னு நினைச்சுக்காதீங்க. அந்தச் சம்பந்தியம்மா முன்னாடி சொல்ற மாதிரி ஒரு வார்த்தை எனக்கு இன்னும் பாக்கி இருக்கு. அதை வாங்குற வரைக்கும் அத்தை வந்துதான் ஆகணும். இன்னும் நாலஞ்சு தடவையாவது வரணும்.

இந்தா, குளித்தலை வந்துடுச்சு. பொட்டியில எத்தனை இருக்கு? ஒண்ணா? அதையும் எடுத்துக்குங்க, அப்பாவுக்குக் குடுத்துடாதீங்க. வெறும் பொட்டியை மட்டும் என்கிட்ட குடுங்க. அக்கா கேட்டா என்ன சொல்றதுன்னு எப்பவோ யோசிச்சு வெச்சுட்டேன். இந்த அமாவாசை போகட்டும்க்கா, அடுத்த அமாவாசைக்கு வாங்கிட்டு வர்றேன், மொதல்ல டெஸ்ட் பார்த்துக்கலாம்னு சொல்லிடுவேன்.